மணிக்கு அரை மில்லி

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். நீ எழுதாதபோது வேறு என்ன செய்வது. இங்கே நான் நலம். உன் அத்தை நலமில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

போனில் பேசவேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் இப்போது உன் அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது. அதன் வயர் அதற்கு மேல் எட்டாது. நான் பேசுவது ஒன்று விடாமல் அவளுக்குக் கேட்கும். உடம்பில் எல்லாம் போய்விட்டது, காது மட்டும் பாம்புக் காதாக இருக்கிறது. எனக்கென்று ஒரு கைபேசி வாங்கித் தருகிறேன் என்றாயே, அந்தப் பேச்சு காற்றோடு போயிற்று. சரி, உனக்கு ஆயிரம் செலவு.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொன்னார். நீ படித்த அறையில்தான் கட்டில் போட்டிருக்கிறோம். லிப்ட் வேலை செய்யாததால் நாலு பேர் அவளை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். அந்த நிலையிலும் "பார்த்து, சுவத்துல இடிக்காதீங்க, புதுசா சுண்ணாம்பு அடிச்சது" என்று அதிகாரம் பண்ணினாள். சுண்ணாம்பு அடித்தது நான்.

சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் மருந்துப் பை தொங்குகிறது. பம்ப் அதை உறிஞ்சி மெல்லிய குழாய் வழியாக அவள் தோலுக்குள் விடுகிறது. பம்பின் முகத்தில் பச்சையாக 1.0 என்று எரியும். வலி ரொம்பப் படுத்தினால் அவளே அழுத்திக்கொள்ள நீளமான வயரில் ஒரு பொத்தானும் உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பும் நர்ஸ் வந்து பையை மாற்றுவாள். எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பாள். சிரிப்பு நர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா இருந்தவரை அவர் அக்காவைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். அவரும் போய் வருஷம் திரும்பிவிட்டது. இனி யாருக்காக மூடி வைக்கவேண்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால், ரயிலடிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்தாவது படித்திருந்தால் போதும். எனக்கு ஐந்தாவது இருந்தது. மேட்ரன் அம்மா என் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், அழுகை நின்றது. "திங்கட்கிழமை வந்துடு" என்றாள். வெள்ளை உடுப்பை நானே தைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். திங்கட்கிழமை போனால் வாசலிலேயே இடமில்லை என்று திருப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவள் ஒருநாள் குழாயடியில் என்னிடம் கேட்டாள். "உனக்கு வலிப்பு வருமாமே. உன் நாத்தனார் வந்து மேட்ரன்கிட்ட ஒரே அழுகை. கைக்குழந்தையைக் குடுத்தா கீழ போட்டுடுவான்னு சொன்னாங்க."

எனக்கு வலிப்பு என்று சொன்னதைக்கூட நான் விட்டுவிடுவேன். கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடுவேன் என்றாளே, அதை விடமாட்டேன். உன்னைப் பெற்று முதல்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அந்த வாக்கியம்தான் காதில் கேட்டது. அதற்குக் காரணமானவள் பக்கத்தில் நின்று உனக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து, "ஆமாம், நான்தான் சொன்னேன், பொய் சொன்னேன்" என்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் இப்போது பார், நான் அந்தப் பேச்சை எடுத்தாலே தூங்கிவிடுகிறாள். மூன்று நாளாக இதே நாடகம். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, குறட்டைகூட விடுகிறாள். தோளைத் தட்டினால் ஒரு கண்ணைத் திறந்து ஊசிமுனை மாதிரி ஒரு பார்வை, மறுபடி தூக்கம். வேலை வரும்போது தலைவலி என்று படுத்துப் பழகியவள்தானே. பாதிப் பேச்சில் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறாள். எத்தனை நேரம் அடக்குவாய் என்று நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிப்பு நர்ஸும் வாய்ப்பேச்சுக்காரிதான். மருந்துக்கடையில் பழைய மருந்து தீர்ந்துவிட்டதென்று புதுப் பை கொண்டுவந்தாள். "இது கெட்டி மருந்தும்மா, ஒரு பை நாலு நாளைக்கு வரும்" என்றாள். வழக்கம்போல இரண்டே நாளில் காலியாகி பம்ப் கூவியது. போன் செய்தேன், வேறொரு நர்ஸ் வந்து இன்னொரு பை மாட்டிவிட்டுப் போனாள். இவர்கள் சொல்வது எதுவும் நடப்பதில்லை.

பேரனை வெயிலில் விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா


மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது வந்தது. படித்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் நர்ஸ் வீட்டுக்கு வந்திருப்பாள், பம்பில் எண் மாறியிருக்கும். நான் அவர்களோடு போனில் சண்டையே போட்டுவிட்டேன்.

அம்மா, அத்தை நடிக்கவில்லை. அத்தைக்கு மருந்து இரண்டு மடங்கு போய்க்கொண்டிருந்தது.

மருந்தை டாக்டர் மில்லிகிராமில் எழுதுவார். பம்புக்கு மில்லிகிராம் தெரியாது. மணிக்கு எத்தனை மில்லி தண்ணீர் தள்ளவேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுப்பது நர்ஸின் வேலை. டாக்டர் எழுதியது மணிக்கு ஒரு மில்லிகிராம். பழைய பையில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் கரைந்திருந்தது. அதனால் மணிக்கு ஒரு மில்லி சரி. புதுப் பை இரண்டு மடங்கு கெட்டி, ஒரு மில்லிக்குள் இரண்டு மில்லிகிராம். அப்படியானால் அரை மில்லிதான் போகவேண்டும். பையை மாற்றியவர்கள் எண்ணை மாற்றவில்லை.

கெட்டி மருந்து நாலு நாள் வராமல் இரண்டு நாளில் தீர்ந்தது என்று நீ குறை சொன்னாயே, அதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தட்டினாலும் எழாமல் இருப்பது, மூச்சு நின்று நின்று வருவது, எல்லாம் மருந்து மிஞ்சியதின் அடையாளம். நீ அதை அடம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னும் ஒரு பை போயிருந்தால் அத்தை கண் விழித்திருக்கவே மாட்டாள்.

வேலை விஷயம் எனக்குத் தெரியாது, அம்மா. தெரிந்து வருத்தமாக இருக்கிறது. ஆனால் என்னை நர்ஸிங் சேர்க்க அழைத்துக்கொண்டு போனது அத்தைதான். அதே ரயிலடி ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க எனக்காக வெயிலில் நின்றாள். அதையும் நீ நினைத்துப் பார்க்கவேண்டும்.

லீவு கேட்டிருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் இல்லை என்கிறார்கள். கிடைத்ததும் வருகிறேன்.

அன்புடன்,
உன் மகள்


மார்ச் 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நர்ஸ் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வந்ததும் வராததுமாக பம்பை நிறுத்தினாள், உன் அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினாள், யாருக்கோ போன் செய்தாள். சாயங்காலம் வரைக்கும் நகரவில்லை. பிறகு பம்பைத் திரும்ப ஓடவிட்டாள். இப்போது 0.5 என்று எரிகிறது.

"எப்படிம்மா இப்படி விட்டே" என்று கேட்டேன்.

"பை மாத்தும்போது பழைய கணக்கே தொடரட்டுமான்னு பம்ப் கேக்கும்மா. ஆமான்னு அழுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு. என் பேச்சு வீணாப் போச்சு, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவேண்டாம். உள்ளே வைத்து வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இந்த மனக்குறையை, ஒரு வரி விடாமல், அத்தனை நாளும் ஒரு மரக்கட்டையிடம் சொல்லியிருக்கிறேன். நடிப்பு என்று நினைத்தேன் என்று நீ என்னைக் கோபிக்கிறாய். வாழ்நாள் முழுக்க நடித்தவள் ஒருநாள் நிஜமாகத் தூங்கினால் அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது.

மறுநாள் காலை கண்ணைத் திறந்தாள். முதல் வார்த்தை என்ன தெரியுமா. "டீ எங்கடி?"

உன்னை அழைத்துக்கொண்டு போனதை எழுதியிருக்கிறாய். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் முன்னால் நடந்தாள், நீ பின்னால் போனாய், மேட்ரன் அறை எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல் நேராகக் கூட்டிக்கொண்டு போனாள் என்று அன்றைக்கு நீயே வந்து பெருமையாகச் சொன்னாய். அவளுக்கு அந்த அறை எப்படித் தெரியும், மகளே. எதற்காக முன்னால் போயிருந்தாள்.

நேற்று டாக்டர் வந்தார். நடந்த தவறுக்கு வருத்தம் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இவங்க தூங்கவும் கூடாது, வலியில கத்தவும் கூடாது. புத்தி தெளிவா இருக்கணும், பேசணும். அப்படி ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க டாக்டர்."

அவர் கண் கலங்கிவிட்டது. "நாத்தனார் மேல இவ்வளவு பாசமா இருக்கீங்களே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு. இனி இவர்கள் கையில் விடமாட்டேன். அவள் தூங்கிப்போனால் எனக்குத்தான் நஷ்டம்.

இப்படிக்கு,
உன் அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அத்தை விழித்துக்கொண்டு டீ கேட்டாள் என்று படித்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் பேரன் பக்கத்தில் இருந்தான். "யாருக்கு டீ வேணும்" என்று கேட்டான்.

கணக்கு கேட்டாய். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரை கரைத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். ஒருவருக்கு அரைக் கரண்டிச் சர்க்கரை போகவேண்டுமென்றால் அரை டம்ளர் கொடுப்பாய். அதே டம்ளரில் இரண்டு கரண்டி கரைத்தால் கால் டம்ளர்தான் கொடுப்பாய். அவ்வளவுதான். மணிக்கு எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருப்பார். ஒரு மில்லிக்குள் எத்தனை மில்லிகிராம் என்று பையின் மேல் ஒட்டியிருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது பம்பில் எரியவேண்டிய எண். ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை. எங்கள் பிரிவில் நோயாளியின் எடை, நிமிடக் கணக்கு எல்லாம் உள்ளே வரும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப்பார்க்காமல் பம்பைத் தொடமாட்டோம். உங்கள் வீட்டில் அவ்வளவு தேவையில்லை.

பை மாறும்போதெல்லாம் ஒட்டியிருப்பதைப் படித்துப் பார். எண் ஒத்துவராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய். நீ பம்பைத் தொடாதே. அம்மா, பார்ப்பதற்குத்தான் கணக்குச் சொன்னேன், மாற்றுவதற்கு இல்லை.

இன்னொன்று. உன் கடிதத்தில் பாசத்துக்கும் பழிக்கும் நடுவே என்னால் கோடு போட முடியவில்லை. அத்தையை நிம்மதியாகப் போகவிடு. கேட்டு என்ன ஆகப்போகிறது. கறந்த பால் மடி புகுமா.

அன்புடன்,
உன் மகள்


மார்ச் 16

அன்பு மகளுக்கு,

கறந்த பால் மடி புகாதுதான். ஆனால் பாலைக் கொட்டினது யார் என்று கேட்கலாமல்லவா.

கேட்டேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நீ நர்ஸ், உனக்குப் புரியும்.

நேற்றுக் காலை அவளைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்தேன். புரட்டினால் வலிக்கும் என்று தெரியும், துடைக்காமலும் இருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பொத்தான், பொத்தான்" என்று கையை நீட்டினாள். வயர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. அதை எடுத்தேன். எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, ரயிலடி ஆஸ்பத்திரியில மேட்ரன்கிட்ட எனக்கு வலிப்புன்னு சொன்னது யாரு?"

"ஐயோ, பொத்தானைக் குடுடி."

"குடுக்கறேன். யாரு சொன்னது?"

"நான்தான். நான்தான் சொன்னேன், போதுமா. குடு."

"பொய்தானே சொன்னீங்க?"

"பொய்தான். எல்லாம் பொய்தான். அழுத்துடி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பொத்தானை அவள் கையில் கொடுத்தேன். அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. நான் போய் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. ஆனால் வந்தது மாதிரி இல்லை. வலியில் கத்துகிறவளிடம் "நீதான் கடலுக்கு உப்புப் போட்டாயா" என்று கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லுவாள். அது செல்லாக்காசு.

அதனால் சாயங்காலம், வலி அடங்கி, டீ குடித்து, ஜன்னல் வழியாக பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக நையாண்டி செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன்.

"காலையில சொன்னீங்களே, அந்த ஆஸ்பத்திரி விஷயம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மேட்ரன்கிட்ட நீங்க போய்ச் சொன்னது."

சிரித்தாள். "நான் எதுக்குடி போறேன். உனக்கு எப்பவும் ஒரு கற்பனை. அங்க பாரு, அந்தத் தொப்பிக்காரனை. பஸ் வந்தா ஓடறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்குது."

பார்த்தாயா. வலி இருந்தால் ஆமாம் என்கிறாள், ஆனால் அது நம்பத்தக்கதில்லை. வலி இல்லாவிட்டால் புத்தி தெளிவாக இருக்கிறது, அந்தத் தெளிந்த புத்தியோடு பொய் சொல்கிறாள்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஒரு மில்லியில் மரக்கட்டை. அரை மில்லியில் மகாராணி. அரைக்குக் கீழே, வலி வந்து கத்துவதற்குச் சற்று மேலே, ஒரு எண் இருக்குமல்லவா. உடம்பு லேசாக உறுத்திக்கொண்டே இருக்கும், வாய் ஓடும், ஆனால் பொய் சொல்லத் தெம்பு இருக்காது, அப்படி ஓர் இடம். அது என்ன எண்? நீ சொல்லிக்கொடுத்தபடி வகுத்துப் பார்த்தேன். அதற்கு மில்லிகிராம் எவ்வளவு என்று தெரிந்தால் மீதியை நானே போட்டுக்கொள்வேன்.

பேரனுக்குத் தேர்வு எப்படிப் போயிற்று?

இப்படிக்கு,
உன் அம்மா


மார்ச் 18

அம்மாவுக்கு,

நீ கேட்ட எண்ணை நான் சொல்லமாட்டேன். அப்படி ஓர் எண் கிடையாது. இருந்தாலும் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். இன்றிலிருந்து பம்பைப் பூட்டிவிடுவார்கள், சாவி நர்ஸிடம் இருக்கும். பொத்தானை அத்தையின் மணிக்கட்டில் கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். காலையும் மாலையும் நர்ஸ் வருவாள். முதுகு துடைப்பது இனி அவள் வேலை. காரணம் கேட்டார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய் அது.

என் பிரிவில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சொத்துக்குச் சண்டை போடுவார்கள், அழுவார்கள், எங்கள்மேல் பாய்வார்கள். நோயாளியின் கைக்கு எட்டாமல் பொத்தானை மடியில் வைத்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அது என் அம்மாவாக இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

உனக்கு நடந்தது அநியாயம். அதற்கு நீ செய்தது பதில் இல்லை. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

உன் மகள்


மார்ச் 25

அன்பு மகளுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். நான் யார் சொல்லைக் கேட்டேன், உன் சொல்லைக் கேட்க.

பூட்டிவிட்டார்கள். கட்டிவிட்டார்கள். கை நடுங்குகிறது என்று சொன்னாயே. என் கை நடுங்குகிறதா என்று இந்த எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். அவள் ஒருத்தி வலிப்பு என்றாள், நீ ஒருத்தி நடுக்கம் என்கிறாய். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் சொல்லியிருக்கிறீர்கள். இதையும் நான் மறக்கமாட்டேன். பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நேற்று ஒன்று நடந்தது.

சிரிப்பு நர்ஸ் வந்து புதுப் பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையின் மேல் ஒட்டியிருப்பதைச் சத்தமாகப் படித்து, எண்ணைச் சொல்லி, "சரிதானேம்மா" என்று என்னிடம் கேட்டாள். அந்தத் தவறுக்குப் பிறகு அவள் அப்படித்தான். நானும் உள்ளேயிருந்தே, "இரண்டுக்கு ஒண்ணு, அரை, சரி" என்றேன்.

உன் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தியிருக்கவில்லை, வலி இல்லை, டீ குடித்து முடித்திருந்தாள். நர்ஸிடம் சொல்கிறாள்.

"அன்னைக்கு உன் இடத்துல இவ இருந்திருந்தா அந்தத் தப்பு நடந்திருக்காது."

"யாரு, அம்மாவா?"

"அவதான். ஒருகாலத்துல ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. நான்தான் போய்க் கெடுத்துட்டு வந்தேன். வலிப்பு வரும்னு சொன்னேன், குழந்தையைக் கீழ போட்டுடுவான்னு சொன்னேன். அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வராது. குதிரை."

"ஏன் பாட்டி அப்படிச் சொன்னீங்க?"

"நான் புருஷன் வீட்லேருந்து திரும்பி வந்து உக்காந்திருக்கேன். வந்தவ ஒருத்தி வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு வாசல் தாண்டிப் போறா. நான் வீட்ல இருந்து அவ பாத்திரத்தைக் கழுவணுமா? பொறுக்கல. அவ்வளவுதான்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

நான் வேண்டியபடியே கிடைத்துவிட்டது. வலி இல்லாமல், தூக்கம் இல்லாமல், யாரும் கேட்காமல், தானாக. டாக்டர் போட்ட கணக்கிலேயே. உன் பூட்டும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னது நர்ஸிடம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

நர்ஸ் போனபிறகு உள்ளே போனேன். கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"நான் நர்ஸ்கிட்ட சொல்லிட்டிருந்தது."

"குழாய் ஓடிட்டிருந்துச்சு அண்ணி. ஒண்ணும் கேக்கலை."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள். "கஷ்டப்பட்டுப் பேசாதீங்க, ஓய்வா இருங்க" என்று போர்வையை இழுத்து விட்டேன்.

இன்று காலையிலும் அப்படித்தான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி, உக்காரு" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். பால் இல்லை. வெறும் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்து, எடுத்துக் கழுவினேன்.

இறக்கி வைக்க அவளுக்கு இப்போது ஆள் வேண்டும். நான் சுமந்த வருஷங்களில் அவளுக்குக் கனக்கவில்லை. இரண்டு நாள் அவளும் சுமக்கட்டும். பொத்தானை அழுத்தினால் போகிற வலி இல்லை இது.

இப்படிக்கு,
உன் அம்மா


மார்ச் 28

அம்மா,

நேற்று அத்தை எனக்குப் போன் செய்தாள். நீ மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து நர்ஸ் எண்ணைப் போட்டுக் கொடுத்தாளாம். குரல் நூலாக இருந்தது. பாதி மூச்சுத்தான்.

"உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அவ உக்கார மாட்டேங்கறா. நீ சொல்லி உக்கார வை" என்றாள். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "உன்கிட்ட சொல்றதுக்கில்லை, அவகிட்டதான் சொல்லணும்" என்றாள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை உட்கார், அம்மா. அவளுக்கு மன்னிப்புக் கொடுக்கவேண்டாம். ஒன்றும் சொல்லவேண்டாம். கேட்டால் போதும். டாக்டரோடு பேசினேன். அதிக நாள் இல்லை என்கிறார்.

லீவு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். நான் வந்து சேரும்வரை காத்திருக்காதே.

உன் மகள்


மார்ச் 31

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பகலில் வந்தது. உன் அத்தை நேற்றுக் காலையிலேயே போய்விட்டாள். உன் வீட்டுக்குப் போன் செய்தேன், நீ ரயிலில் இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. உனக்கு முன்னால் உன் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று எழுதுகிறேன். நீ இங்கே வந்து இருந்துவிட்டுத் திரும்பியபிறகு, தனியாக உட்கார்ந்து படி. நேரில் இதைப் பற்றிக் கேட்காதே, நானும் பேசமாட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு நல்ல தெளிவு. தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பலமே இல்லை. இழுத்திருந்தால் வந்திருக்கும்.

"ஏண்டி, இங்க பாரு. என் முகத்தைப் பாரு."

பார்த்தேன்.

"நான் உன்னை..."

"நாளைக்குப் பேசலாம் அண்ணி" என்றேன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, மகளே. அன்றைக்குக் குழாய்ச் சத்தத்திலும் எனக்கு எல்லாம் கேட்டது என்று அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தாள். "சரியான ஆளுடி நீ" என்றாள். திட்டினாளா மெச்சினாளா, எனக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். அப்போது பம்ப் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்து பம்பை நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து வயரை அவிழ்த்தாள். "கடைசியா ஏதாவது பேசினாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"பேச வந்தாங்க. நான் விடலை" என்றேன்.

அவள் அழுதாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடுவேன் என்றவள் அவள். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டும் குறையவில்லை. என்ன, காலையில் எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன், கட்டில் காலியாக இருந்தது.

இனி கோபித்துக்கொள்ள எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். கை நடுங்குகிறது என்று சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் சண்டைக்காவது எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா